என்ன விசேஷம்? செட்டிநாட்டு வளவில் சமகால நடனம்

செட்டிநாட்டுப் பக்கம் யாரையாவது 'சாயங்காலம் ஒரு நடனம் இருக்கு, வாங்க' என்று கூப்பிட்டுப் பாருங்கள். யார் ஆடுகிறார், என்ன ஆட்டம் என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி 'என்ன விசேஷம்?' என்பதாகத்தான் இருக்கும். கல்யாணமா, அறுபதாம் கல்யாணச் சாந்தியா, கும்பாபிஷேகமா, அய்யனாருக்கு மண்குதிரை சுமக்கும் புரவி எடுப்பா? ஏதோ ஒன்று இருந்தால்தான் ஆட்டம் இருக்கும். ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி வந்து ஆடுவாள், நாம் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால், சரி, எதற்கு?

சமகால நடனத்தை அரங்கத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, பழைய வீடு, குளக்கரை, பட்டறை, சந்தை என்று எதிர்பாராத இடங்களில் உள்ளூர் மக்கள் முன் ஆடுவது உலகம் முழுக்க நடக்கிறது. காரைக்குடியையும் கானாடுகாத்தானையும் பார்க்கும் நடனக் கலைஞர்களுக்கு அந்த ஆசை உடனே வந்துவிடும். இத்தனை தூண், இத்தனை முற்றம், மேலே திறந்த வானம். இதைவிட நல்ல மேடை எங்கே கிடைக்கும்? ஆசை நியாயமானதுதான். ஆனால் 'என்ன விசேஷம்?' என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் வந்தால், வீடு நன்றாகத் தெரியும், ஆட்டமும் நன்றாக இருக்கும், ஊர் மட்டும் வராது.

முதலில் சமகால நடனம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். பரதநாட்டியத்துக்கு ஜீன்ஸ் மாட்டிவிட்டால் அது வந்துவிடாது. சினிமாப் பாட்டுக்குக் குழுவாக ஆடுவதும் வேறு. கதை, பாத்திரம், பாட்டின் பொருள், முத்திரை இவற்றையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உடம்பு நிற்பது, சாய்வது, விழுவது, மூச்சு வாங்குவது, எடை மாற்றுவது ஆகியவற்றையே பொருளாக எடுத்துக்கொள்ளும் ஆட்டம் என்று தோராயமாகச் சொல்லலாம். தமிழ்நாட்டில் இதற்கு வழி திறந்தவர் சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றவர், பல வருஷம் ஆட்டத்தை விட்டு விலகியிருந்துவிட்டு 1985இல் 'அங்கிகா'வோடு திரும்பினார். பரதம், யோகம், களரிப்பயிற்று மூன்றையும் ஒரே உடம்பில் வைத்துப் பார்த்த படைப்பு அது. நகை, நாயகன், நாயகி, பக்தி எல்லாம் போய், முதுகெலும்பும் தரையும் மிஞ்சின. 2006இல் இறக்கும்வரை அதே வழியில் போனார். அவரிடம் ஆடிய பத்மினி செட்டூர் பிறகு தன் வழியில் இன்னும் தூரம் போனார். அவருடைய 'வால் டான்சிங்' என்ற படைப்பில் கலைஞர்கள் சுவரை ஒட்டியே மெதுவாக, மணிக்கணக்கில் அசைவார்கள். பார்ப்பவர் நடமாடலாம், பக்கத்தில் போகலாம், விலகி நிற்கலாம்.

இந்த மாதிரி ஆட்டம் அரங்கத்தை விட்டு வெளியே வர விரும்புவதற்கு உள்ளேயே காரணம் இருக்கிறது. மேடை என்பது ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி. ஆடுபவரை முன்பக்கமிருந்துதான் பார்ப்போம், ஒரே தூரத்திலிருந்து பார்ப்போம். உடம்பின் முதுகு என்ன செய்கிறது, மூச்சு எப்படி ஏறுகிறது, கால் தரையைத் தொடும்போது என்ன சத்தம் வருகிறது என்பது பத்தாவது வரிசைக்கு எட்டாது. அவற்றையே சொல்ல வந்த கலைக்கு அந்தப் பெட்டி இடைஞ்சல்தானே.

வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் அந்தப் பெட்டிக்கே வயது அதிகமில்லை. பரதத்தின் பழைய வடிவமான சதிர் ஆடப்பட்டது கோயிலில், அரண்மனைக் கூடத்தில், பணக்கார வீட்டுக் கல்யாணப் பந்தலில். சின்ன மேளம் என்றே அதற்குப் பெயர். நாகஸ்வரம் பெரிய மேளம். நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுபவருக்குப் பின்னால் நின்றபடி, அவர் முன்னே வந்தால் கூடவே முன்னே வந்து, பின்னே போனால் பின்னே போய் வாசித்தார்கள். 1935இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி ஆடிய பிறகுதான் மேடை, அதன் விளக்கு, பக்கவாட்டில் உட்கார்ந்த பக்கவாத்தியம் என்ற இன்றைய அமைப்பு நிலைபெற ஆரம்பித்தது. அதாவது 'வழக்கமில்லாத இடம்' என்று நாம் இன்று சொல்லும் முற்றமும் பந்தலும்தான் நேற்று வழக்கமான இடம்.

1947ஐ இந்த வட்டாரத்தில் நின்று பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். தேவதாசிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதையும் கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் ஆடவைப்பதையும் தடைசெய்த சென்னை மாகாணச் சட்டம் அந்த வருஷத்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். அதே 1947இல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த 'நாம் இருவர்' படம் வெளிவந்தது. யுத்தகாலத்தில் சென்னையில் வேலை பார்க்க முடியாமல், காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகை ஒன்றை ஸ்டூடியோவாக்கி எடுத்த படம். அதில் குமாரி கமலா பாரதி பாடல்களுக்கு ஆடினார். கோயில் வாசலில் ஆட்டம் அடைக்கப்பட்ட வருஷத்தில், ரஸ்தாவில் ஒரு கொட்டகைக்குள் எடுத்த ஆட்டம் தமிழ்நாடு முழுக்கப் போனது. எதிர்பாராத இடம் என்று பேசுபவர்கள் இந்தக் கொட்டகையை மறந்துவிடுகிறார்கள்.

இன்றைக்கும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு ஒரு கலையரங்கம் இருக்கிறது. கோயிலுக்கு எதிரே மூன்று சுவர், ஒரு தளம், நெற்றியில் நன்கொடையாளர் பெயரோ, எந்த எம்எல்ஏ நிதியில் கட்டியது என்ற விவரமோ. மேடை பெரும்பாலும் சாமியைப் பார்த்தபடி இருக்கும். முதல் ரசிகர் அம்மன்தான், நாம் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்கிறோம். அங்கே விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த ஸ்பெஷல் நாடகம். இராஜபார்ட், ஸ்திரீபார்ட் வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸும் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். டான்ஸ் என்பது அங்கே ஒரு வேடத்தின் பெயர். என் அப்பத்தா மடியில் தூங்கி, பபூன் சத்தம் கேட்டு எழுந்து, மறுபடி நாரதர் தர்க்கத்தில் தூங்கிப்போனது நினைவிருக்கிறது. எழுந்து போவதும், டீ குடிப்பதும், பக்கத்து வீட்டுச் சம்பந்தம் பேசுவதும், அன்பளிப்பு கொடுத்து மைக்கில் பேர் சொல்லச் சொல்வதும் அந்த ரசனைக்குள் அடக்கம். சமகால நடனத்துக்காரர்கள் 'பார்வையாளர் சுதந்திரமாக நடமாடலாம்' என்று அறிவிப்பை ஒட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். இங்கே எப்போது கட்டிப்போட்டார்கள்?

அப்புறம் ஆடல் பாடல் நிகழ்ச்சி. திருவிழாவுக்குத் திருவிழா அனுமதி கேட்டு, போலீஸ் மறுத்து, விழாக் குழு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுப் போட்டு, ஆபாசம் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உத்தரவு வாங்குவது சகஜம். வெளியூர்ப் பெண்கள் ஒரு கிராமத்துக்கு வந்து ஆடுகிறார்கள் என்றாலே காவல் நிலையத்தின் மனதில் ஓடுவது இந்தப் படம்தான். பட்டுப் பாவாடையும் சலங்கையும் இருந்தால் பரதம் என்று விட்டுவிடுவார்கள். இறுக்கமான பருத்திச் சட்டையும் வெறுங்காலுமாக, பாட்டே இல்லாமல், தரையில் உருளும் ஆட்டத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இது விண்ணப்பம் எழுதுபவரின் தலைவலி. சமகால நடனத்தை ஊருக்குக் கொண்டுவரும் பேச்சில் இந்தக் காகித வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இனி வீட்டுக்குள் போகலாம். நகரத்தார் வீட்டின் அமைப்பு நடனக்காரருக்கு ஏன் வாய் ஊறவைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு, இரு பக்கமும் திண்ணை. நிலைக்கதவைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வரிசை, தூணுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். எல்லாக் கதவையும் திறந்துவிட்டு முகப்பில் நின்றால், வாசலுக்குள் வாசல், அதற்குள் வாசல் என்று கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும்.

நம் அரங்க மேடைகள் எல்லாம் அகலத்தை நம்பியவை. ஆடுபவர் இடமும் வலமும் ஓடுவார். இந்த வீடு நீளத்தை நம்பியது. பின்கட்டில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், விரல் உயரம்தான் தெரிகிறார். அவர் நடந்து வர வர, ஒவ்வொரு முற்றத்திலும் வெயிலில் தெரிந்து, ஒவ்வொரு கூடத்திலும் இருளில் மறைந்து, கடைசியில் நம் கை எட்டும் தூரத்தில் வந்து நிற்பார். வெறும் நடைதான். ஆனால் அந்த நடைக்கு வீடே தாளம் போடுகிறது. தூண்கள் மறைக்கும். மறைக்கட்டும், மேலும் கீழும் நாலு பக்கமும் உட்காரலாம் என்பதால் ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் பார்க்கவே முடியாது. கல்யாணத்தின்போது பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அதே இடம் இன்றும் நல்ல இருக்கை.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் பூ டிசைன் வெட்டிய தகர அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் வண்ணச் சிமெண்ட் கரைசல், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒன்றோடொன்று கலக்காமல் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கியதும், கோடு கலைவதற்குள் மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுகிறார். காய்ந்து, தண்ணீரில் ஊறி எடுத்த பிறகு கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். கண்ணாடியின் வழவழப்பு மட்டும் கல்லில் தங்கிவிடும். அச்சைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில் மணிக்கட்டு கொஞ்சமும் நடுங்கக் கூடாது. நடனம் பார்க்க வந்தவர்கள் இதையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன்.

வெறுங்காலுக்கு அந்தக் கல் குளுகுளுவென்று இருக்கும். நாள்பட நடக்க நடக்க மெருகு ஏறும். ஆனால் ஆடுவதற்கு அது இரக்கமில்லாத தரை. இன்றைய நடனப் பயிற்சிக்கூடங்களில் அடியில் இடைவெளி விட்டு மரப்பலகை போட்டு, மேலே வினைல் விரிப்பு விரிப்பார்கள். குதித்து இறங்கும் எடையைப் பலகை வாங்கிக்கொள்ளும். சிமெண்ட்டும் கல்லும் வாங்கிக்கொள்ளாது, முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். வேர்வை நாலு சொட்டு விழுந்தால் வழுக்கும். அதனால் விரிப்பு போடலாமே என்றால், எதைப் பார்த்து இந்த வீட்டுக்கு வந்தோமோ அதையே மூடிவிட்டு ஆடுவதாகிவிடும். சரியான வழி ஆட்டத்தை மாற்றுவதுதான்: குதிப்பதைக் குறைத்து, எடையைத் தேய்த்து நகர்த்தும் அசைவுகளைக் கூட்டுவது. சுவரும் அப்படித்தான். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கை வைத்தால் சில்லென்று பளிங்கு மாதிரி இருக்கும். எண்ணெய் தேய்த்த தலையைச் சாய்த்தால் கறை விழும். வீட்டுக்காரர் நடனத்தை மன்னிப்பார், கறையை மன்னிக்க மாட்டார்.

வீட்டுக்காரர் என்று ஒருமையில் சொல்லிவிட்டேன். அதுதான் பெரிய சிக்கல். வளவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளிக்கு உரியது, அதாவது கல்யாணமான ஒரு மகன் குடும்பத்துக்கு. மூன்று நாலு தலைமுறை கழித்து அந்தப் பங்கு பத்து, இருபது, நாற்பது பேருக்குப் பிரிந்திருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், இன்னொருவர் நியூ ஜெர்சியில். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி, முகப்புச் சாவி மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம். பங்காளிகளில் முப்பத்தொன்பது பேர் சரி என்று சொல்லி, ஒருவர் 'எங்க ஐயாவுக்குப் படைக்கிற வீட்டுல கால் தூக்கி ஆடுறதா?' என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. இப்படிப் பங்கு பிரிந்து பராமரிக்க முடியாமல்தான் பல வீடுகள் இடிந்து, தூணும் நிலையும் பீங்கானும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலால் கூரை ஒழுகல் நிற்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன், தை மாதம், கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தெரிந்தவர் வீட்டை மூன்று நாள் கேட்டு வாங்கினோம். நண்பர் மகள், சென்னையில் சமகால நடனம் பயில்பவள், ஒத்திகை பார்க்க வந்திருந்தாள். நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. முதல் நாள், வீட்டைக் கூட்டிப் பெருக்கும் அம்மா இரண்டாம் கட்டு நிலைப்படியில் துடைப்பத்தோடு நின்று பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சரிந்து தரைக்கு வரும் ஓர் அசைவு, அதைத் திரும்பத் திரும்ப அவள் செய்துகொண்டிருந்தாள். 'ஏன் தம்பி, பாப்பாவுக்கு உடம்புக்கு என்ன?' என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஒன்றுமில்லை, ஆட்டம் பழகுது என்றேன். 'என்ன விசேஷத்துக்கு?' என்றார். முழித்தேன்.

இரண்டாம் நாள் அவர் நூறு நாள் வேலையில் கூட வேலை பார்க்கும் நாலு பெண்களை அழைத்து வந்திருந்தார். நாலு பேரும் தெருவிலேயே நின்றார்கள். உள்ளே வாங்க, வாங்க என்று எத்தனை முறை கூப்பிட்டும் திண்ணைக்கு மேல் கால் வைக்கவில்லை. அந்த வீட்டுக்கு அவர்களுடைய அம்மாமார்கள் பின்வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள், வேலைக்கு. முன்வாசல் வழியாக, அதுவும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, யாரும் அவர்களை அழைத்ததில்லை. கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. அவ்வளவு நேரமும் 'அனைவருக்கும் அனுமதி இலவசம்' என்று ஒரு அட்டை எழுதி மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் திண்ணைதான் பாடம் எடுத்தது.

இதனால்தான் அரண்மனை மாதிரி வீடுகளில் நடன விழா நடத்தும் யோசனைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. பழைய வீடுகள் பல இப்போது ஹோட்டல்கள். வீடு காப்பாற்றப்பட்டது, நல்லது. ஆனால் அங்கே நடக்கும் ஆட்டத்தைப் பார்ப்பவர் அறை எடுத்துத் தங்கியவர். ஊர்க்காரர்கள் தட்டு எடுத்து வைப்பார்கள், வாசலில் காரை நிறுத்த வழி சொல்வார்கள். 'உள்ளூர் சமூகத்துக்காக' என்று அதைச் சொல்வது கொஞ்சம் அதிகம். சமகால நடனத்தின் மொழியும் அங்கே மாறிவிடும். தூணுக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நன்றாக வரும் நிலைகளாகத் தேடித் தேடிக் கோத்ததாகிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் ஊரணி. மழை குறைந்த பூமி இது. பெய்யும் தண்ணீரை வாரியும் கால்வாயுமாக வழிநடத்தி ஊரணியில் சேர்த்தார்கள். நாலு பக்கமும் கல் படிக்கட்டு. யாரும் யாரையும் கேட்காமல் உட்காரலாம், ஒவ்வொரு படியிலிருந்தும் தெரியும். தண்ணீர் இருக்கும் காலத்தில் சத்தம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகும். செம்பு படியில் உரசும் ஒலிகூடக் கேட்கும். வற்றிய காலத்தில் நடுவில் வெடித்த மண் தரை, கல்லைவிட முழங்காலுக்கு இதமானது. பாசி வழுக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரணிக்கும் சாதி வரலாறு உண்டு, எந்த ஊரணியில் யார் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு இடம் பிடிப்பது நல்லது. அதற்கு அடுத்து மஞ்சுவிரட்டுப் பொட்டல். சிராவயல் பொட்டலில் தை மாதம் மாடும் ஆளும் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டம் தானாகவே விலகி, தானாகவே மூடி, உடம்பாலேயே இடத்தை வரைந்துகொள்ளும். நடன அமைப்பு படிப்பவர்கள் அங்கே ஒரு நாள் நின்றால் போதும்.

மாடியை மட்டும் விட்டுவிடலாம். 1971இல் நியூயார்க்கில் டிரிஷா பிரவுன் என்ற நடனக் கலைஞர் பல கட்டடங்களின் மொட்டைமாடிகளில் ஆட்களை நிறுத்தி, ஒருவர் அசைவை அடுத்த மாடிக்காரர் பார்த்துத் திருப்பிச் செய்ய, அசைவு மாடி மாடியாகப் போகும்படி ஒரு படைப்பைச் செய்தார். காரைக்குடி மாடிகளைப் பார்த்தால் யாருக்கும் அது ஞாபகம் வரும். ஆனால் இங்கே முக்கால்வாசி பழைய ஓட்டுக்கூரை. ஒரு கால் உள்ளே போனால் நடனம் ஆஸ்பத்திரியில் முடியும்.

சென்னையில் ஒரு முன்மாதிரி உண்டு. பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலானோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது. கச்சேரியும் பரதமும் மீனவக் குப்பத்துக்கு வந்தன, அதே விழாவில் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் இருந்தன. மேலிருந்து கீழே கலையை இறக்குகிறீர்களா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தக் கேள்வியை அந்த விழா மறைக்காமல் கூடவே வைத்துக்கொண்டதுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். செட்டிநாட்டில் சமகால நடனத்துக்குப் பக்கத்தில் நிற்க இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள்: ஒயிலாட்டக் குழு, கரகாட்டக்காரர், முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டும் பெண்கள். கும்மியில் குனிந்து நிமிர்ந்து வட்டம் சுற்றும் அந்த இடுப்பசைவை ஒரு மணி நேரம் தொடர்ந்து செய்ய, பயிற்சி பெற்ற நடனக்காரருக்கே மூச்சு முட்டும். அவர்களிடம் கற்றுக்கொள்ள வருகிறேன் என்று ஒரு வாரம் முன்னால் வந்து தங்குபவருக்கும், சனிக்கிழமை வந்து ஆடிவிட்டு ஞாயிறு பல்லவன் ரயிலைப் பிடிப்பவருக்கும் ஊர் காட்டும் முகம் வேறு வேறாக இருக்கும்.

பணம் யார் கொடுக்கிறார் என்பதும் கணக்கில் சேரும். வள்ளி திருமணத்துக்கு ஊர் வரி போட்டிருக்கிறது, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. அதனால்தான் நாடகம் சரியில்லை என்றால் டீக்கடையில் ஒரு மாதம் திட்ட உரிமை உண்டு. சமகால நடனத்துக்குப் பெரும்பாலும் ஏதாவது அறக்கட்டளை, வெளிநாட்டுக் கலாசார மையம், அல்லது ஹோட்டல் காசு கொடுக்கிறது. ஊர் ஒரு பைசா கொடுக்கவில்லை, ஆகவே திட்டவும் உரிமையில்லை. மரியாதையாகக் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கைதட்டலை வெற்றி என்று அறிக்கையில் எழுதுவார்கள். நான் சொல்வது கொஞ்சம் கிறுக்குத்தனமாகப் படலாம்: வீட்டுக்குப் பத்து ரூபாய் வரி வாங்குங்கள். அல்லது பந்தலும் காபியும் ஊர்ப் பொறுப்பு என்று விடுங்கள். அப்போதுதான் 'என்னத்தை ஆடினா அந்தப் புள்ளை' என்று யாராவது வாய் திறப்பார்கள்.

வாய் திறப்பதில் காரைக்குடிக்காரர்களுக்குக் குறை கிடையாது. இது கேட்டுப் பழகிய ஊர். பட்டிமண்டபம் வளர்ந்த இடம். குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்து பேசவைத்த மண். சொல்லே இல்லாத ஆட்டம் ஒன்றைக் காட்டிவிட்டு, 'நீங்கள் உணர்ந்ததே பொருள்' என்று விளக்கம் சொல்லாமல் நழுவினால் இங்கே செல்லாது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணி பிரித்து, ஒரு நடுவரைப் போட்டு, 'இன்று கண்டது ஆட்டமா, அவஸ்தையா?' என்று பட்டிமண்டபம் வையுங்கள். ஆடியவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். நக்கல் நிறைய வரும். நடுவில் யாராவது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுந்து, அந்தப் பெண் தூணைப் பிடித்துச் சரிந்ததைத் தன் அம்மாவின் கடைசி நாளோடு சேர்த்துப் பேசுவார். அதற்கப்புறம் யாரும் நக்கலடிக்க மாட்டார்கள்.

விசேஷம் இல்லாத ஒன்றை விசேஷமாக்கிய முன்னுதாரணம் இதே ஊரில் இருக்கிறது. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கி விழா எடுத்தபோது, ஒரு கவிஞனுக்கு வருஷா வருஷம் திருநாள் என்பது புதிது. கம்பன் சாமி இல்லை. ஆனால் விழாவைப் பங்குனி மாதத்து நட்சத்திரங்களில் கட்டினார். மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில், அத்தம் நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதி இருக்கும் இடத்தில். நாள் குறித்தாயிற்று, ஊர் பிரித்தாயிற்று, அப்புறம் யாரும் 'என்ன விசேஷம்' என்று கேட்கவில்லை. பங்குனி அத்தம் என்றாலே கம்பன்தான்.

அந்தத் தை மாதம் மூன்றாம் நாள், நாங்கள் வளவை விட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தோம். தெருவில் நின்ற பெண்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்கள். அது பூட்டிய வீடு, கேட்க ஆளில்லை. நடுவில் தெரு. ஒரு பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். பத்து நிமிஷம்தான் ஆடியிருப்பாள். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்து வந்து, அவள் முழங்காலில் கன்றியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, 'எண்ணெய் போடு பாப்பா' என்றார். சாவியை ஒப்படைக்கும்போது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாவிடம், இதையே ஒருநாள் ஊர் எல்லாம் பார்க்கிற மாதிரி வைக்கலாமா என்று கேட்டேன். முந்தானையில் சாவியை முடிந்துகொண்டே கொஞ்சம் கணக்குப் போட்டார். 'மாசி கடைசிச் செவ்வா வேணாம் தம்பி, அன்னிக்கு முளைப்பாரி. மறுநா புதன்கிழமை வச்சுக்கங்க. பந்தல் பிரிச்சிருக்க மாட்டாங்க.'